நூற்றில் ஒரு நொடி

நுழையும்முன்

நிழலின் நீளத்தைக் கொண்டும் சொட்டும் நீரைக் கொண்டும் மாந்தர் ஒரு காலத்தில் நேரத்தை அளந்தனர். இன்று கைவிரல் நீளங்கூட இல்லாத சில்லு ஒன்று அப்பணியைச் செய்கிறது. ஒரு நிகழ்வு நடந்ததை அறிவது வேறு. அது நடந்த நேரத்தைப் பிழையின்றிக் குறிப்பது வேறு. இவ்வேறுபாட்டையும், நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லு அதனை எவ்வாறு கையாள்கிறது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

பதக்கத்தைப் பிரித்த இடைவெளி

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. மகளிர் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச்சுற்றில் கேரளத்தைச் சேர்ந்த பி.டி. உஷா 55.42 நொடியில் எல்லைக் கோட்டைக் கடந்தார். ருமேனிய வீராங்கனை ஒருவர் 55.41 நொடியில் கடந்தார். வெண்கலப் பதக்கம் ருமேனியாவுக்குச் சென்றது. உஷா நான்காம் இடம் பெற்றார். இருவருக்கும் இடையே இருந்தது நூற்றில் ஒரு நொடி மட்டுமே.

அந்த ஓட்டத்தின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.2 மீட்டர். அவ்வேகத்தில் நூற்றில் ஒரு நொடி என்பது தரையில் ஏழு சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கையின் அகலத்திற்கும் சற்றுக் குறைவு. 400 மீட்டர் ஓடிவந்தவர்களை இத்துணைச் சிறிய அளவில் பிரித்துக் கூறவேண்டுமெனில், கூறும் கருவியின்மேல் ஐயம் எழக்கூடாது. ஐயம் எழுமாயின் தோற்றவருக்கும் நீதியில்லை, வென்றவருக்கும் பெருமையில்லை.

கண்ணும் கையும் அளந்த காலம்

தமிழில் காலத்தின் சிற்றளவுகளுக்கு மாந்தர் உடலே அளவுகோலாக இருந்தது. கண் இமைக்கும் நேரத்தையும் கையை நொடிக்கும் நேரத்தையும் மாத்திரையின் அளவாகத் தொல்காப்பியம் கூறுகிறது. எழுத்தொலிகளின் நீட்சியை அளக்க அவ்வளவு போதுமானதாக இருந்தது. இன்று வழங்கும் ‘நொடி’ என்னும் சொல்லிலும் அக்கைநொடிப்பின் ஒலி கேட்கிறது.

ஓட்டப்பந்தயத்திற்கு இவ்வளவு போதாது. நிறுத்துகடிகாரத்தை வைத்திருப்பவர் ஓடுபவரைக் கண்ணால் கண்டு, கட்டைவிரலால் பொத்தானை அழுத்த ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகும். அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இராது. ஆகவே கையால் குறித்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு நொடிக்கு உயர்த்தி எழுதுவதே தடகள விதி. அவ்விதிப்படி 55.41, 55.42 ஆகிய இரண்டும் 55.5 ஆகிவிடும். கட்டைவிரல் அவ்விருவரையும் பிரித்திருக்க இயலாது. பன்னாட்டுப் போட்டிகளில் மின்னணுக் கடிகாரமும் எல்லைக்கோட்டு ஒளிப்படமும் இடம்பெற்றமைக்குக் காரணம் இதுவே.

பள்ளி விளையாட்டு விழாவிற்கு ஒலிம்பிக் கருவிகளை வாங்க இயலாது. ஆயினும் அறிவியல் ஆய்வகத்தில் உள்ள சிறிய மின்னணுப் பலகையைக் கொண்டே அத்துல்லியத்தை நெருங்க முடியும்.

சில்லின் இதயத் துடிப்பு

நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறுகணினி. கணக்கிடும் பகுதி, நினைவகம், எண்ணிகள், வெளியுலகத்தோடு இணையும் முனைகள் ஆகிய அனைத்தும் அதனுள் உள்ளன. 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட அர்டுயினோ என்னும் பலகை உலகெங்கும் பரவியது. அதன் ‘ஊனோ’ வகையில் ஏடிமெகா 328பி என்னும் சில்லு உள்ளது. இந்தியப் பள்ளிகள் பலவற்றில் அமைந்துள்ள அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் மாணவர் இத்தகைய பலகைகளைப் பயன்படுத்துகின்றனர்.

இச்சில்லுக்கு நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகள். ஒரு துடிப்பிற்கும் அடுத்த துடிப்பிற்கும் உள்ள இடைவெளி 62.5 நானோ நொடி. நூற்றில் ஒரு நொடிக்குள் 1,60,000 துடிப்புகள் நிகழ்ந்துவிடும். உஷாவையும் அவருக்கு முன் வந்தவரையும் பிரித்த இடைவெளி மனிதக் கண்ணுக்குக் கணப்பொழுது. இச்சில்லுக்கோ அது நீண்ட நேரம்.

சில்லின் முனை ஒவ்வொன்றும் இரண்டு நிலைகளையே அறியும். மின்னழுத்தம் மிகுந்திருந்தால் ஒன்று, குறைந்திருந்தால் சுழி. எல்லைக் கோட்டின் ஒருபுறம் அகச்சிவப்பு ஒளியை உமிழும் விளக்கும், மறுபுறம் அவ்வொளியை உணரும் கருவியும் வைக்கப்படுகின்றன. ஓடிவருபவர் ஒளிக்கதிரை மறைத்தவுடன் உணரியோடு இணைந்த முனையின் நிலை மாறுகிறது. இம்மாற்றத்தின் கணத்தைப் பிடிப்பதே கருவியின் பணி. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: தொடர்ந்து வினவுதல்

விருந்தினர் ஒருவரை எதிர்பார்த்திருக்கும் வீட்டை எண்ணிப் பார்க்கலாம். அழைப்புமணி இல்லை. சமையலறையில் இருப்பவர் அவ்வப்போது வாயிற்கதவைத் திறந்து பார்க்கிறார். விருந்தினர் வந்து நின்றிருந்தால், அப்போது கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கிறார். எளிய வழிதான். ஆயின் விருந்தினர் எப்போது வந்தார் என்பதன்று, கதவு எப்போது திறக்கப்பட்டது என்பதே அக்குறிப்பில் இருக்கும்.

மாணவர் எழுதும் முதல் நிரல் பெரும்பாலும் இவ்வாறே அமைகிறது. முனையின் நிலையைப் படி, மாறியிருந்தால் நேரத்தைக் குறி, திரையில் எழுது, மீண்டும் தொடக்கத்திற்குச் செல். இச்சுற்றில் மறைந்திருக்கும் இடர் ‘திரையில் எழுது’ என்னும் படியில் உள்ளது. கணினித்திரைக்கு நொடிக்கு 9600 பிட் வேகத்தில் செய்தி அனுப்பும்போது ஓர் எழுத்துருவுக்கு 10 பிட் தேவை. 20 எழுத்துருக்கள் கொண்ட ஒரு வரி சென்று முடிய ஏறத்தாழ 21 மில்லி நொடி ஆகும். அதுவரை நிரல் காத்திருக்குமானால், அந்த 21 மில்லி நொடிக்குள் எல்லையைக் கடந்தவரின் நேரம் தாமதமாகவே பதிவாகும். பிழை நூற்றில் இரண்டு நொடி வரை செல்லும். ஒரு பதக்கத்தைப் பிரித்த இடைவெளியைப்போல் இருமடங்கு!

தாமதத்தினும் பெருங்கேடு ஒன்றுண்டு. ஓடுபவரின் உடல் ஒளிக்கதிரை மறைத்திருக்கும் நேரம் ஏறத்தாழ 28 மில்லி நொடியே. நிரலில் ‘100 மில்லி நொடி பொறு’ என்னும் ஆணை ஒன்று இருந்தால், ஒருவர் வந்து கடந்து சென்றதே அக்கருவிக்குத் தெரியாமற் போகலாம். கதவைத் திறக்கும்முன் விருந்தினர் திரும்பிச் சென்றுவிட்ட நிலை அது.

இவ்வழி எப்போதும் பயனற்றது எனக் கூறலாகாது. வேறெந்தப் பணியுமின்றி முனையை மட்டுமே நோக்கியிருக்கும் குறுஞ்சுற்று, சில துடிப்புகளுக்கு ஒருமுறை நிலையைப் படித்துவிடும். ஆனால் அவ்வேளையில் சில்லு வேறெதையும் செய்ய இயலாது. வாயிலிலேயே நிற்பவரால் சமைக்க முடியாதன்றோ?

இரண்டாம் வழி: குறுக்கீடு

அதே வீட்டில் அழைப்புமணி பொருத்தப்படுகிறது. சமையல் தன்போக்கில் நடக்கிறது. மணி ஒலித்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் விட்ட இடத்திலிருந்து சமையலைத் தொடரலாம். நுண்கட்டுப்படுத்தியில் இம்மணிக்குக் ‘குறுக்கீடு’ என்று பெயர்.

முனையின் நிலை மாறியவுடன் சில்லு தான் செய்துகொண்டிருந்த பணியை நிறுத்துகிறது. நிறுத்திய இடத்தை நினைவகத்தில் குறித்துக்கொண்டு, குறுக்கீட்டிற்கென எழுதப்பட்ட சிறுநிரலுக்குத் தாவுகிறது. அது முடிந்ததும் பழைய இடத்திற்குத் திரும்புகிறது. ஏடிமெகா 328பி சில்லில் இத்தாவலுக்குக் குறைந்தது நான்கு துடிப்புகள், அதாவது கால் மைக்ரோ நொடி தேவைப்படும். இடைக்கணக்குகளைப் பாதுகாக்கும் பணியையும் சேர்த்தால் ஒருசில மைக்ரோ நொடிகள் ஆகலாம். மைக்ரோ நொடி என்பது நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

ஊனோ பலகையில் 2, 3 ஆகிய எண்களைக் கொண்ட முனைகள் இரண்டிற்கும் தனித்தனி மணிகள் உண்டு. ஏறும் மாற்றமா இறங்கும் மாற்றமா எது வேண்டும் என்பதையும் அவற்றில் தேர்ந்தெடுக்கலாம். பிற முனைகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. குழுவுக்கு ஒரு மணி மட்டுமே உண்டு. குழுவில் எந்த முனை மாறினாலும் அந்த ஒரே மணி ஒலிக்கும். மாறியது எது என்பதை அது சொல்லாது. குழுவின் முந்தைய நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, இப்போதைய நிலையோடு ஒப்பிட்டே அதனை அறியவேண்டும்.

இதில் நீதி சார்ந்த நுட்பம் ஒன்று உள்ளது. ஆறு ஓடுபாதைகளுக்கு ஆறு உணரிகள் 8 முதல் 13 வரையுள்ள முனைகளில் இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். நிரல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து நேரம் குறித்தால், ஒரே கணத்தில் வந்த இருவருள் முதலில் படிக்கப்பட்டவரே முந்தியவராகத் தோன்றுவார். அந்த ஆறு முனைகளும் ஒரே குழுவைச் சேர்ந்தவை. ஆதலால் அவற்றின் நிலையை ஒரே ஆணையில், ஒரே துடிப்பில், ஒருசேரப் படித்துவிடலாம். அப்போது ஒருசேர வந்தவர்கள் ஒருசேர வந்தவர்களாகவே பதிவாவர். நூற்றில் ஒரு நொடியைக் கணக்கிடும் ஓட்டத்தில் இவ்வேறுபாடு வெளியே தெரியாமற் போகலாம். ஆயினும் கருவியின் அமைப்பே ஒருவர்பால் சாயாதிருத்தல் வேண்டும்.

குறுக்கீட்டு நிரலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நேரத்தைக் குறிக்கவேண்டும், உடனே வெளியேற வேண்டும். திரையில் எழுதுதல், கணக்கிடுதல், ஒலியெழுப்புதல் போன்ற பணிகளை முதன்மை நிரலே பின்னர்ச் செய்துகொள்ளும். ஒரு குறுக்கீடு நடந்துகொண்டிருக்கும்போது மற்றொன்று காத்திருக்க நேரும். மணிக்காக எழுந்தவர் வாயிலில் நின்று நெடுநேரம் பேசினால், அடுத்து வரும் மணிக்கு யார் செல்வது?

மூன்றாம் வழி: எண்ணியே குறித்துக்கொள்ளுதல்

மணி ஒலித்தாலும் சமையலறையிலிருந்து கடிகாரம் வரை நடந்து செல்லவேண்டும். அந்நடைக்கு ஆகும் நேரம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். அர்டுயினோவில் மைக்ரோ நொடிகளைத் தரும் ஆயத்தக் கடிகாரமும் நான்கு நான்காகவே முன்னேறும். இச்சிறு பிழைகளையும் களையவேண்டிய பணிகள் உள்ளன. அதற்கு ஒரே வழி, அழைப்புமணியின் பொத்தானுக்குள்ளேயே கடிகாரத்தை வைத்துவிடுவது. பொத்தானை அழுத்திய கணமே நேரம் அச்சாகிவிடும். வீட்டில் உள்ளவர் அதனை எப்போது வந்து படித்தாலும் எண் மாறாது.

ஏடிமெகா 328பி சில்லில் இத்தகைய அமைப்பு உண்டு. அதன் எண்ணிகளுள் ஒன்று, நிரலின் உதவியின்றித் துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். பலகையில் 8ஆம் எண் முனையின் நிலை மாறியவுடன், எண்ணியில் அப்போதிருக்கும் எண்ணை மின்சுற்றே தனிப் பதிவகம் ஒன்றில் படியெடுத்துவிடும். இதற்கு ‘உள்ளீட்டுப் பிடிப்பு’ என்று பெயர். நிரல் சற்றுப் பின்னர் வந்து படித்தாலும் கேடில்லை. அடுத்த மாற்றம் நிகழுமுன் படித்துவிட்டால் போதும். இதன் நுண்மை ஒரு துடிப்பு, 62.5 நானோ நொடி.

இங்கும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவ்வெண்ணி 16 பிட் கொண்டது. 65,535 வரை எண்ணியபின் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். முழுவேகத்தில் எண்ணினால் 4.096 மில்லி நொடிக்கு ஒருமுறை இவ்வாறு நிகழும். 55.42 நொடி ஓடும் ஓர் ஓட்டத்தில் எண்ணி 13,530 முறை நிறைந்து வழியும். ஒவ்வொரு முறை வழியும்போதும் அதனைத் தனியே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் நான்கு மில்லி நொடி காணாமற் போகும். அவ்வளவு நுண்மை வேண்டாதபோது எட்டுத் துடிப்புகளுக்கு ஒருமுறை எண்ணுமாறு செய்யலாம். அப்போது நுண்மை அரை மைக்ரோ நொடியாகும். எண்ணி நிறைய 32.768 மில்லி நொடி ஆகும். அளக்கவேண்டிய பொருளுக்கேற்ப இவ்விரண்டினுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

மறைந்திருக்கும் பிழைகள்

கணத்தைப் பிடித்துவிட்டால் மட்டும் அளவு சரியாகிவிடாது. நான்கு பிழைகள் இன்னும் மறைந்திருக்கின்றன.

முதலாவது, பொய்யான மாற்றம். தட்டுவிசையை ஒருமுறை அழுத்தும்போது அதன் உலோகத் தகடுகள் சில மில்லி நொடிகள் துள்ளி அதிர்கின்றன. விரல் ஒருமுறை அழுத்த, சில்லு பலமுறை மாற்றத்தைக் காண்கிறது. முதல் மாற்றத்தை ஏற்றுக்கொண்டு, அதன்பின் சிறிது நேரம் வருவனவற்றைத் தள்ளிவிடுவது வழக்கம். ஒளிக்கதிரிலும் இவ்வகை மயக்கம் உண்டு. தடகள விதிப்படி எல்லையைக் கடக்கவேண்டியது உடற்பகுதியே, வீசிய கையன்று. ஆதலின் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கதிர்களை அமைத்து, இரண்டும் ஒருசேர மறைந்தால் மட்டுமே நேரம் குறிப்பது நன்று. முன்னே நீண்ட கை பெரும்பாலும் ஒன்றை மட்டுமே மறைக்கும்.

இரண்டாவது, பாதி படித்த எண். இச்சில்லு ஒரு வேளையில் எட்டு பிட்டுகளையே கையாளும். 32 பிட் கொண்ட நேரத்தை அது நான்கு பகுதிகளாகப் படிக்கிறது. கரும்பலகையில் 1999 என எழுதியிருக்கிறது. மாணவர் ஒருவர் ‘19’ என்று படியெடுத்து முடிப்பதற்குள், ஆசிரியர் அதனை அழித்து 2000 என எழுதிவிடுகிறார். மாணவர் எஞ்சிய ‘00’ என்பதைப் படியெடுக்கிறார். அவரது ஏட்டில் 1900 என நிற்கிறது. பலகையில் ஒருபோதும் இல்லாத எண் அது! படிக்கும் நேரம் மட்டும் குறுக்கீடுகளைத் தடுத்து, படித்து முடித்ததும் மீண்டும் அனுமதித்தால் இப்பிழை நேராது.

மூன்றாவது, தொடக்கத்தின் தாமதம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 100 மீட்டருக்கு அப்பால் எல்லைக் கோட்டில் இருக்கும் ஒலிவாங்கியைத் துப்பாக்கியொலி அடைய 0.29 நொடி ஆகும். அவ்வொலியைக் கொண்டு கடிகாரத்தைத் தொடங்கினால் ஒவ்வொருவருக்கும் 0.29 நொடி சலுகை கிடைத்துவிடும். கைக்கடிகாரம் வைத்திருப்போர் ஒலியைக் கேட்காமல் புகையைப் பார்த்துத் தொடங்குவது இதனாலேயே. மின்னணுக் கருவியில் தொடக்கக் குறிப்பு கம்பிவழி நேரே முனைக்கு வருதல் வேண்டும்.

நான்காவது, கடிகாரத்தின் நேர்மை. நுண்மை வேறு, சரிநுட்பம் வேறு. விலை குறைந்த பலகைகளில் துடிப்பைத் தருவது பீங்கான் அதிர்வி. அதில் நூற்றுக்கு அரைப் பங்கு பிழை இருக்கலாம். அவ்வளவு பிழையுள்ள கடிகாரம் ஒரு நாளில் 7 நிமிடம் 12 நொடி தவறும். 55.42 நொடி ஓட்டத்தில் அது 0.28 நொடிப் பிழையைத் தரும். 62.5 நானோ நொடி வரை எண்ணும் கருவி, நூற்றில் 28 நொடி தவறாகச் சொல்லக்கூடும் என்பது வியப்பிற்குரியதன்றோ? ஒரே ஓட்டத்தில் யார் முந்தினார் என அறிவதற்கு இப்பிழை தடையாகாது. அனைவரையும் அதே கடிகாரம் அளக்கிறது. ஆனால் அந்நேரத்தை மற்றொரு பள்ளியின் பதிவோடு ஒப்பிடுவது நேர்மையாகாது. குவார்ட்சு படிகத்தைப் பயன்படுத்தினால் பிழை பத்து இலட்சத்தில் சில பத்துகள் என்னும் அளவிற்குக் குறையும். பத்து இலட்சத்தில் 20 எனக் கொண்டால், அதே ஓட்டத்தில் பிழை ஏறத்தாழ ஒரு மில்லி நொடியே.

ஆய்வகத்திலும் வீட்டிலும்

இந்நுட்பம் ஓட்டப்பந்தயத்தோடு நின்றுவிடுவதன்று. புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும் ஆய்வில், மின்காந்தத்திலிருந்து விடுபடும் இரும்புக்குண்டு ஒரு மீட்டர் விழ 0.452 நொடி ஆகிறது. பத்து மில்லி நொடி தாமதமாகக் குறித்தால், 9.8 என வரவேண்டிய விடை ஏறத்தாழ 9.4 என வரும். இங்கே பிழை புவியின்மேல் இல்லை. ‘கதவைத் திறந்து பார்க்கும்’ நிரலின்மேல் உள்ளது.

வாகனங்களில் சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தின் ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழுகிறது. துடிப்புகளின் இடைவெளி திடீரென நீண்டால் சக்கரம் நின்று வழுக்கப்போகிறது என்று பொருள். அதனை உடனே உணர்ந்து தடையை ஒரு கணம் தளர்த்துவதே வழுக்கல் தடுப்பு அமைப்பு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்கு இவ்வமைப்பு கட்டாயமாயிற்று. அங்கே தவறவிடும் கணம் பதக்கத்தையன்று, உயிரையே பறிக்கக்கூடும்.

வீட்டு மின்னளவியிலும் சிறிய செவ்விளக்கு ஒன்று விட்டுவிட்டு ஒளிர்கிறது. அளவியின்மேல் 3200 எனக் குறித்திருந்தால், ஒரு யூனிட் மின்சாரத்திற்கு அவ்விளக்கு 3200 முறை ஒளிரும். ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி மட்டும் இயங்கும்போது 1.125 நொடிக்கு ஒருமுறை ஒளிர வேண்டும். ஒளியுணரி ஒன்றை அதன்முன் வைத்து, ஒளிர்வுகளின் இடைவெளியை நுண்கட்டுப்படுத்தியால் அளந்தால், அக்கணத்தில் வீடு செலவிடும் மின்திறன் தெரிந்துவிடும்.

இவை அனைத்திற்கும் நெறி ஒன்றே. நிகழ்வு நடந்த இடத்திற்கு மிக அருகில், நடந்த கணத்திலேயே நேரத்தைக் குறித்துவிட வேண்டும். கணக்கிடுதலும் எழுதுதலும் அறிவித்தலும் காத்திருக்கலாம், குறித்தல் காத்திருக்கலாகாது.

சொல்லும் பொருளும்

நுண்கட்டுப்படுத்தி – மைக்ரோகன்ட்ரோலர்
முனை – சில்லின் இணைப்புக் கால், பின்
குறுக்கீடு – இன்டரப்ட்
எண்ணி – கவுன்டர்
பதிவகம் – ரெஜிஸ்டர்
உள்ளீட்டுப் பிடிப்பு – இன்புட் கேப்ச்சர்
நுண்மை – பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு
சரிநுட்பம் – உண்மை அளவோடு பொருந்தும் தன்மை
மில்லி நொடி – நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தொல்காப்பியம் எவற்றை மாத்திரையின் அளவாகக் கூறுகிறது?
2. கைக்கடிகாரத்தால் 55.41, 55.42 ஆகிய நேரங்களைப் பிரித்தறிய இயலாமைக்குக் காரணம் யாது?
3. குழுமுனைகளில் குறுக்கீடு நிகழும்போது மாறிய முனையை எவ்வாறு அறியலாம்?

ஆ. பத்தி அளவில் விடை எழுதுக.
1. தொடர்ந்து வினவுதல், குறுக்கீடு, உள்ளீட்டுப் பிடிப்பு ஆகியவற்றை வீட்டு வாயில் உவமையைக் கொண்டு விளக்குக.
2. ‘நுண்மை வேறு, சரிநுட்பம் வேறு’ – பாடப்பகுதியின் சான்றுகொண்டு நிறுவுக.

இ. பிரித்து எழுதுக.
கைநொடிப்பு, செவ்விளக்கு, உள்ளங்கை, ஒவ்வோர்

ஈ. செய்து பார்க்க.
வீட்டு மின்னளவியின் செவ்விளக்கு பத்து முறை ஒளிர ஆகும் நேரத்தை நிறுத்துகடிகாரத்தால் மூன்று முறை அளந்து எழுதுக. மூன்று விடைகளும் வேறுபடின், அவ்வேறுபாடு கட்டைவிரலால் நேர்ந்ததா, மின்செலவு மாறியதால் நேர்ந்ததா என்பதை எவ்வாறு கண்டறியலாம்? வகுப்பில் கலந்துரையாடுக.